ஒரு சாண் தூரம்

எங்க அப்பத்தாவுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. கதிரடிக்கும்போது நெல்லுச் சொணை தெறிச்சு கண்ணுக்குள்ள போயிருக்கு. ராத்திரி பூரா உறுத்தல். மறுநாள் பிள்ளை பெத்தவ ஒருத்தி தாய்ப்பால் பீச்சி விட்டா. அதுக்கு மறுநாள் விளக்கெண்ணெய். ஒரு வாரத்தில் கருவிழி மேல் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை படிந்துவிட்டது. அப்புறந்தான் வைத்தியரிடம் போயிருக்கிறது கிழவி. அப்போது கிழவியில்லை, முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். வைத்தியர் மேலத்தெருக்காரர். திண்ணைக்குக் கீழே நிறுத்தி, மேலே உட்கார்ந்தபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். இமையைப் பிரித்துப் பார்க்கவில்லை. தொட்டால்தானே பிரிக்க முடியும்? மாத்திரையை முந்தானையில் தூக்கிப் போட்டார். அந்தக் கண் அத்தோடு போச்சு.

இதை அப்பத்தா கோபமாகச் சொன்னதேயில்லை. மழை பெய்ஞ்சது, வெயில் அடிச்சது என்கிற மாதிரி சொல்லும். கோபமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான்.

வயசான காலத்தில் இடது கண்ணில் புரை வந்தது. மதுரையிலிருந்து வேனில் வந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். ஒரு டாக்டர் அப்பத்தாவின் நெற்றியில் கையை வைத்து, கட்டைவிரலால் இமையைத் தூக்கி, கன்னத்தோடு கன்னம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். எந்தத் தெரு, என்ன ஆளு என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பத்தா சொன்னது இதுதான்: "அம்புட்டுக் கிட்டக்க வந்துட்டாருய்யா. எம்மூச்சு அவரு மேல பட்டுருமோன்னு மூச்ச அடக்கிக்கிட்டே கெடந்தேன்."

நான் கண் மருத்துவ உதவியாளர் படிப்புக்குப் போனதற்கு, வேலை கிடைக்கும் என்று சொன்னது ஒரு காரணம். அப்பத்தாவின் அந்த அடக்கின மூச்சு இன்னொரு காரணம்.

எங்க வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1976இல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதையொட்டி வந்த வேலை இது. டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிப்பது, முகாமுக்கு ஆள் சேர்ப்பது. அதே 1976இல்தான் டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, மதுரையில் பதினோரு படுக்கை வைத்து அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்பாடு அது தேனிக்கும் வந்தது. நான் அரசாங்க வேலைக்காரன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு அரசு மருத்துவமனையில், ஸ்லிட் லேம்ப் இருக்கிற ஒரு சின்ன அறையில் என் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்லிட் லேம்ப் என்பது ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு நுண்நோக்கி. இந்தப் பக்கம் நோயாளி நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் பார்ப்பவர். நடுவில் ஒரு சாண் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒன்றரை. கையில் பிடித்துப் பார்க்கிற டைரக்ட் ஆப்தால்மாஸ்கோப் என்றால் அதுவும் கிடையாது, ரெண்டு விரல் இடைவெளிதான். நெஞ்சுச்சளிக்குப் பார்க்கிற டாக்டர்கூட முதுகுப் பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொள்ளலாம். கண்ணை முதுகுப் பக்கமிருந்து பார்க்க முடியாது. முகத்துக்கு முகம் போயே ஆக வேண்டும். தொடமாட்டேன் என்கிறவன் இந்த வேலையைச் செய்ய முடியாது. இதனால்தான் எனக்கு இந்த வேலையைப் பிடித்தது.

2020இல் அந்த ஒரு சாணுக்குள் கொரோனா வந்து உட்கார்ந்தது.

உலகத்துக்கு அந்த நோயைப் பற்றி முதலில் சொன்னவர்களில் ஒருவரே கண் டாக்டர்தான். வூகான் நகரத்து மத்திய மருத்துவமனையின் லீ வென்லியாங். 2019 டிசம்பர் 30ஆம் தேதி கூடப் படித்த டாக்டர்களிடம், பாதுகாப்பாக இருங்கள் என்று சொன்னார். வதந்தி பரப்புகிறாய் என்று போலீஸ் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டது. கண் அழுத்த நோய்க்கு வந்த ஒரு நோயாளியைப் பார்த்தபோது தனக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அந்த நோயாளிக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி லீ செத்துப்போனார். அதே மருத்துவமனையில் இன்னும் இரண்டு கண் டாக்டர்கள் மார்ச் மாதத்தில் இறந்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் ஸ்லிட் லேம்ப் முன்னால் உட்கார்ந்து, என் மூச்சு எதிரே இருக்கிற நாடித்தாங்கியில் படுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். பட்டது.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். எங்க பள்ளத்தாக்கு சனங்களுக்கு அது என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. விடியக்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய், பொழுதடைய இறங்கி வருகிற சனம் அது. அதில் பாதிக்கு மேல் பொம்பளைகள், பெரும்பாலும் எங்க தெருக்காரர்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூணு வழியும் அடைபட்டது. பறிக்க ஆளில்லாமல், வாங்க ஆளில்லாமல் திராட்சை பந்தலிலேயே கிடந்தது. கானாவிலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கொரோனா மருத்துவமனையானது. எங்க மருத்துவமனையில் கண் பிரிவுக்கு அவசரம் தவிர யாரும் வர வேண்டாம் என்று எழுதி ஒட்டினோம். புரை ஆபரேசன் நின்றது, முகாம் நின்றது.

அந்த ஏப்ரல், மே மாதங்களில் கண் மருத்துவர்களுக்கு நடந்த மாதிரி வகுப்புகளை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. தினமும் இணையத்தில் பாடம். டெல்லியிலிருந்து, ஐதராபாத்திலிருந்து, மதுரையிலிருந்து பெரிய பெரிய டாக்டர்கள் பேசினார்கள். எங்க டாக்டரம்மா சின்ன வயசு, மேல்படிப்பு முடித்து வந்து ரெண்டு வருசம் ஆகியிருக்காது. "அண்ணே, நீங்களும் கேளுங்க" என்று எனக்கும் இணைப்பு அனுப்பிவிட்டது. என் மகளின் செல்போனில், அவள் ஆன்லைன் வகுப்பு முடிந்த பிறகு, நான் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் இங்கிலீசுதான். பாதி புரிந்தது, மீதியை டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

நல்ல பாடங்கள். குறை சொல்ல மாட்டேன். ஸ்லிட் லேம்பில் மூச்சுத் தடுப்பு மாட்டு. விலைக்கு வாங்க முடியாவிட்டால் பழைய எக்ஸ்ரே பிலிமில் கண் வைக்கிற இடத்துக்கு ஓட்டை போட்டு மாட்டு. அந்த மேசையில் யாரும் பேசக் கூடாது, கேட்க வேண்டியதைத் தள்ளி உட்கார்ந்து முதலிலேயே கேட்டுக்கொள். காற்றை அடித்து அழுத்தம் பார்க்கிற மெசினைத் தொடாதே, அது கண்ணீரைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்கும். கண்ணைத் தொட்டுப் பார்க்கிற டோனோமீட்டர் முனையை ஒவ்வொரு ஆளுக்கும் மருந்தில் ஊறவைத்துச் சுத்தம் செய், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிக் காயவை. அலசாமல் வைத்தால் கருவிழி வெந்துபோகும். டைரக்ட் ஆப்தால்மாஸ்கோப்பை எடுத்து உள்ளே வை. விழித்திரையைப் பார்க்க வேண்டுமானால் லென்சைப் பிடித்துக்கொண்டு கை நீளத்துக்குத் தள்ளி நின்று பார். சொட்டு மருந்து பாட்டிலின் மூக்கு இமை மயிரில் படக் கூடாது. மே மாதம் அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கம் இதையெல்லாம் தொகுத்து இதழில் வெளியிட்டது. எந்த நோயைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் பிரித்துச் சொன்னார்கள். கருவிழிப் புண் தள்ளிப்போடக் கூடாததில் இருந்தது.

கருவிழிப் புண் எங்க சனத்தின் நோய். தேனி தனி மாவட்டமாவதற்கு முன்னால், 1993இல், மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தார்கள். வருசத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு. நெல்லுச் சொணை, கரும்புச் சோகை, ஏலச்செடித் தட்டை, மாட்டு வால், இவைதான் ஆரம்பம். செடியோடு ஒட்டின பூஞ்சை கீறல் வழியாக உள்ளே போகும். லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஏக்கர்களில் யார் குனிந்து நிற்கிறார்களோ அவர்கள் கண்ணில்தான் பூ விழும், வரப்பில் குடை பிடிக்கிறவர் கண்ணில் விழாது. ரெண்டு நாளில் வந்தால் மருந்திலேயே ஆறும். மெடிக்கல் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டு பத்து நாள் கழித்து வந்தால் கஷ்டம். அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரி. சிவப்பு குறையும், ஆள் நல்லாயிருச்சு என்று நினைப்பார், உள்ளே தின்றுகொண்டேயிருக்கும்.

அப்படி ஒரு ஆத்தா ஜூன் மாதம் வந்தது. கரும்புக்குச் சோகை உரிக்கப் போன இடத்தில் கண்ணில் கிழித்துவிட்டது. மெடிக்கல் கடைச் சொட்டு பத்து நாள். அவசரமென்று வர வேண்டியதுதான், ஆனால் ஊருக்குள் வந்த பஸ் நின்றுபோய் மாதக்கணக்காகிவிட்டது. அவசரத்துக்கு வரலாம் என்று நாங்கள் ஒட்டிய காகிதம் எங்க சுவரில் இருந்தது. அவர்கள் காலனியில் இல்லை. நடந்தே வந்திருக்கிறது.

வாசலில் மூணு அடிக்கு ஒரு வட்டம் சுண்ணாம்பால் போட்டு வைத்திருந்தோம். ஆத்தா படியேறி வந்து என் பக்கத்தில் நின்றது. நான் முகக்கவசத்துக்குள்ளிருந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "ஆத்தா, தள்ளி நில்லுங்க."

சொன்னதும் ஆத்தா படியிறங்கியது. வட்டங்களையெல்லாம் தாண்டிப் போனது. வேப்ப மரத்து நிழலையும் தாண்டி, வெயிலில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றது.

"இந்த வட்டத்துக்குள்ள வந்து நில்லுங்க ஆத்தா."

"இருக்கட்டும் சாமி, நா இங்கனயே நிக்கிறேன்."

வரிசையில் ஒரு வட்டத்துக்குள் நின்றிருந்த பெரிய மனுசர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அதுகளுக்கே தெரியும்ப்பா, நீ சொல்லணுமா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னதற்கு மட்டுமில்லை. என்னை அந்த ஆத்தா சாமி என்று கூப்பிட்டதற்கு. வைத்தியர் திண்ணையிலிருந்து சொன்ன வார்த்தையை என் வாய் சொன்னதற்கு. நான் யார் என்று ஆத்தாவுக்குத் தெரியாது, வெள்ளைக் கோட்டும் முகக்கவசமும் போட்டவன் தள்ளி நில் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அதுக்குத் தெரியும். சமூக இடைவெளி, சமூக இடைவெளி என்று அப்போது நாள் பூரா ரேடியோவிலும் டி.வி.யிலும் கத்தினார்கள். அந்த வார்த்தை வேண்டாம், உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே மார்ச் மாதத்தில் மாற்றிக்கொண்டது. இங்கே மாற்றுவதற்கு நாளாயிற்று. நாம் நினைவு தெரிந்த காலத்திலிருந்து அனுபவித்து வருகிற ஒன்றுக்கு அரசாங்கமே பெயர் வைத்துச் சுவரில் எழுதினால் எப்படியிருக்கும்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு காலத்தில் கணக்கே வைத்திருந்தான். இங்கே கணக்கெல்லாம் இல்லை, கண்ணாலே காட்டினால் போதும்.

நான் போய் ஆத்தா பக்கத்தில், சரியாக மூணு அடியில் நின்றுகொண்டு சொன்னேன். "ஆத்தா, இது நோய்க்காகத் தள்ளி நிக்கிறது. நீங்க மட்டுமில்ல, எல்லாரும் நிக்கணும். அந்தா நிக்கிறாரே, அவரும் நிக்கணும். எங்கிட்டருந்து ஒங்களுக்கு வந்துறக் கூடாது பாருங்க." நம்பியதா என்று தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் வந்தது.

உள்ளே டாக்டரம்மா வகுப்பில் சொன்னபடி என்95, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு, கையுறை எல்லாம் போட்டிருந்தது. ஆத்தாவுக்கும் ஒரு முகக்கவசம் கொடுத்து, மேல் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டியது, மூச்சு மேலே வராமலிருக்க. ஸ்லிட் லேம்பில் நாடியை வைக்கச் சொல்லி, "பாட்டி, இப்பப் பேசக் கூடாது, சரியா?" என்றது. நான் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கைக்குத் தெரிந்தது, ஆத்தா மூச்சே விடவில்லை.

"மூச்சு விடுங்க ஆத்தா. அதுக்குத்தான் இந்தத் தட்டி போட்டிருக்கு."

பார்த்து முடித்து நிமிர்ந்ததும் ஆத்தா கேட்டது. "எம்மூச்சு அம்மா மேல படக் கூடாதுன்னுதான அது?"

"அது மட்டுமில்ல பாட்டி," என்றது டாக்டரம்மா, "நான் நாள் பூரா நூறு பேரைப் பார்க்கிறேன். என் மூச்சும் உங்க மேல படக் கூடாது."

"அவுக மூச்சு எம்மேல பட்டா என்னய்யா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டது ஆத்தா. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தன் மேல் படுவதால் தனக்குக் கெடுதல் வரும் என்பதை அந்த ஆத்தாவிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. தான் பட்டால் அடுத்தவருக்குத் தீட்டு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

புண்ணைச் சுரண்டி லேபில் பார்த்ததில் பூஞ்சை. மணிக்கொரு தரம் நேட்டமைசின் சொட்டு. கண் தப்பியது. பூ நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வகுப்புகளைப் பற்றி வேற மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். நோயாளியிடமிருந்து டாக்டர் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பதில்தான் முக்கால்வாசிப் பாடம். உயிருக்குப் பயந்த காலம், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். செத்துப்போன டாக்டரைப் புதைக்கவே விடாமல் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தார்கள் சென்னையில், 2020 ஏப்ரலில். நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அதற்கு எட்டு மாதம் முன்னால் வாணியம்பாடிப் பக்கம் சுடுகாட்டுக்கு வழி விடாததால் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அதற்கு இவ்வளவு பேர் கொதித்ததாக எனக்கு ஞாபகமில்லை. பேச்சு எங்கேயோ போகிறது.

சொல்ல வந்தது, எங்க அறையைத் துடைக்கிற அக்காவைப் பற்றி. அருந்ததியர் தெருக்காரர். ஒப்பந்தக் கூலி. 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை எடுத்துவிட்டு, இனி தூய்மைப் பணியாளர் என்று அரசாங்கம் அறிவித்தது. பெயர் மாறியது, கையில் இருந்த துணி மாறவில்லை. வராந்தா துடைத்த அதே துணியால் நாடித்தாங்கியையும் துடைத்துவிட்டுப் போகும். அக்கா மேல் குற்றமில்லை. எதை எதனால் துடைக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே? ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு கருவியைச் சுத்தம் செய் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். எங்க ஆஸ்பத்திரியில் அந்தச் சுத்தத்தைச் செய்கிற கை அக்காவுடையது. அந்தக் கைக்கு வகுப்பு இல்லை. டாக்டரம்மாவுக்கும் எனக்கும் என்95. அக்காவுக்கு ஒரு துணி முகக்கவசம், அதையும் வீட்டில் துவைத்துக் கட்டிக்கொண்டு வரணும். பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் கலக்கும். கண் எரியுதுண்ணே என்று ஒருநாள் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. கண் ஆஸ்பத்திரி அறையைச் சுத்தம் செய்கிறவருக்குக் கண் எரிகிறது, நான் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பாதுகாப்பு வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாடம் போகாத இடத்தில் சாதி போய் உட்கார்ந்துகொண்டது. அந்தம்மா அறைக்குள் வந்தால் சிலர் நாற்காலியை நகர்த்துவார்கள், கொரோனா வார்டு துடைத்துவிட்டு வருதாம் என்று. முன்னேயும் நகர்த்தினார்கள், இப்போது காரணம் சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்ட் பேப்பர் வாங்கி எழுதினேன். தமிழில், எங்க பேச்சிலேயே. மூணு துணி, மூணு கலர்: தரைக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, முகம் படுகிற இடத்துக்கு ஒன்று. பவுடரை நனைக்கும்போது கண்ணாடி போடு, ஜன்னலைத் திற. நேற்றுக் கலக்கியது இன்றைக்கு ஆகாது. நாடித்தாங்கி, நெற்றிப் பட்டை, கைப்பிடி, ஸ்டூல், எல்லாம் ஸ்பிரிட்டில். தடுப்பு பிலிமை ரெண்டு பக்கமும் துடை. லென்சைத் தொடாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படிக்கும். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டது: "அந்தப் பக்கத்தையும் தொடைக்கணும்ங்கிறீக. டாக்டரம்மா மூச்சு படுற பக்கத்தையுமா?" அதையும்தான் என்றேன். எதையும் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டது. கையுறையும் கண்ணாடியும் டாக்டரம்மா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது. ஒப்பந்தக்காரர் அதற்கும் முணுமுணுத்தார் என்று கேள்வி.

2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்தபோது கண் டாக்டர்களே கொரோனா வார்டுக்குள் போக வேண்டியதாயிற்று. அதை எழுதினால் தனிக் கட்டுரையாகும். 2022 நவம்பரில் தமிழ்நாடு பூராவும் மெட்ராஸ் ஐ பரவியது. அது மூச்சில் வராது, கையில் வரும். ஒருத்தர் கண்ணைத் தொட்ட கையும் கருவியும் அடுத்தவருக்குக் கொண்டு போகும். கண் ஆஸ்பத்திரிதான் அதைப் பரப்புகிற முதல் இடம் என்று அந்தக் காலத்திலிருந்தே பாடத்தில் உண்டு. அப்போது அந்தச் சார்ட் மறுபடி வேலைக்கு வந்தது. புதிதாக வந்த நர்சுகளுக்கு அக்காதான் எந்தத் துணி எதற்கு என்று சொல்லிக் கொடுத்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்காலியை நகர்த்துகிறவர்கள் அன்றைக்கும் நகர்த்தினார்கள்.

எக்ஸ்ரே பிலிம் தடுப்பு இன்னும் மாட்டியிருக்கிறது. யாரோ ஒருவரின் விலா எலும்பு அதில் மங்கலாகத் தெரியும். நாடியை வைக்கிற சனம் சில நேரம் கேட்கும், இது யார் நெஞ்சுய்யா என்று.

அந்த வகுப்புகளுக்கெல்லாம் சான்றிதழ் அனுப்பினார்கள். எனக்கே ஏழோ எட்டோ வந்தது. மகள் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள், அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் அக்கா அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டே கேட்டது, "இதெல்லாம் என்னண்ணே?"

"கொரோனா நேரத்துல பாடம் கேட்டோம்ல, அதுக்குக் குடுத்தது."

"நீங்க சொல்லிக் குடுத்ததை நானுந்தான கேட்டேன்?" என்றது. தினமும் அறுபது எழுபது தடவை துடைத்தது என்று அதுவே கணக்கும் சொன்னது. "ஒப்பந்தம் மாறுதாம்ணே. புதுசா வர்ற கம்பெனிக்காரன் எத்தன வருசம் என்ன வேலை பாத்தேன்னு கேக்கான். காட்ட ஒரு பேப்பர் வேணும்."

டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனைத் தாளில் எழுதித் தர அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றது.